பால் காய்ச்சின வான்

ஹலோ… ஓம், ஓம், அக்காதான். சொல்லு தம்பி… என்னது? கொஞ்சம் பலமாச் சொல்லு, உன்ரை குரல் விட்டு விட்டுத்தான் கேக்குது… இன்னும் உங்கையோ நிக்கிறியள்? விடிய எடுக்கேக்கை, கொஞ்ச நேரத்திலை றோட்டைத் திறந்து விடுவாங்கள் எண்டெல்லோ சொன்னனி. இப்ப இருட்டப் போகுது.

ஓம்… ஓம்… விளங்குது… இஞ்சையும் அதே கதைதான். மிச்சம் ரவுணிலை ஒரு பஸ் ஓடேல்லை. ட்ராமும் இல்லை. பள்ளிக்கூடம் எல்லாம் பூட்டு. காரை எடுத்துக்கொண்டு வருவம் எண்டாலும் எங்கடை றோட்டு முனையையே தாண்டேலாது. அதை விடு, துஷ்யா எப்பிடி?… படுத்திருக்கிறாளோ. நல்லது, படுக்கட்டும். ஏழு மாதப் பிள்ளைத்தாச்சியைக் கூட்டிக்கொண்டு இந்தப் பனிக்குள்ளை உல்லாசப் பயணம் போன உன்னை… சரி, சரி. நான் ஒண்டும் சொல்லேல்லை. நீ சொல்லு.

ஹீற்றரோ?… எப்ப நிண்டது?… விடியவோ? ஏன்ரா அப்பவே சொல்லேல்லை?… நான் பயப்பிடுவன் எண்டோ. இப்ப மட்டும் பயப்பிடாமல் பாட்டுப் பாடிக்கொண்டு இருப்பன் எண்டு நினைச்சியோ?… எஞ்சினைப் போட்டுச் சூடாக்கன்… ஓ. எஞ்சினும் ஸ்டார்ட் வராது. இரவெல்லாம் மினுக்கு லைற்றைப் போட்டுவிட்டு நிண்டால் பற்றறி இறங்காமல் என்ன செய்யும்… பிரேக்டவுண்காரங்கள் என்ன சொல்லுறாங்கள்?… வரிசையிலை நிக்கிறியளாமோ. நல்ல வரிசை.

பொறு. அத்தான் இஞ்சைதான் இருக்கிறார்… தெரியும். எனக்குத் தெரியாதே? நீ அவரோடை கதைக்கமாட்டாய், அவர் உன்னோடை கதைக்கமாட்டார். கார்த்திகையிலை, கட்டிலும் அடுப்பும் வைச்ச உந்த வானுக்கு, வீட்டுக்குக் காய்ச்சிற மாதிரிப் பால் காய்ச்சின அண்டு தொடங்கினது, ரண்டு பேருக்கும் நடுவிலை நான் கிடந்து உலையிறன். நீ எனக்குச் சொல்லு, நான் அவருக்குச் சொல்லுறன்… வேறை ஆரிட்டையடா கேக்கிறது? ஜேர்மனியிலை இருந்த காலம் முழுக்க இப்பிடி வானுகளுக்கு ஹீற்றர் பூட்டின மனுசன் அவர்தானே. கட் பண்ணாதை.

இஞ்சருங்கோ. ரீவியைக் கொஞ்சம் குறையுங்கோ. பிரியந்தன் எடுக்கிறான். பனிக்குள்ளை வான் நிக்குதாம், உள்ளுக்கை ஹீற்றர் வேலை செய்யேல்லையாம்… அவன் உங்களைக் கேக்கேல்லை, நான்தான் கேக்கிறன். எனக்குச் சொல்லுங்கோ… அவனுக்காக வேண்டாம், அந்தப் பெட்டைக்காகச் சொல்லுங்கோவன்…

ஹலோ, தம்பி. அத்தான் கேக்கிறார், சுவிச்சைப் போட்டால் என்ன நடக்குதாம்?… இல்லை, யன்னலைப் பாத்துக்கொண்டுதான் கேக்கிறார். நீ பதிலைச் சொல்லு… காத்தாடி சுத்துது. ஓம். பிறகு? டிக் டிக் டிக் எண்டு… ஓம். பிறகு பத்துது… பத்தின கையோடை நூந்து அணைஞ்சு போகுது. சிவப்பு லைற் வருது.

காத்தாடி சுத்துதாம், டிக் டிக் எண்டு பத்துதாம், பத்தின கையோடை நூந்து போகுதாம். பிறகு சிவப்பு லைற்றாம்… ம்… சரி.

தம்பி, ஹீற்றருக்கு வேறை பற்றறியாம், காத்தாடி சுத்துறபடியால் அதிலை பிழையில்லையாம். இனிக் காஸைப் பாக்கவேணும். சிலிண்டர் என்ன நிறம்?… நினைக்கிறன் எண்டு சொல்லாதை, போய்ப் பார்… வெளியிலை இறங்கித்தான் பாக்கவேணுமெண்டால் இறங்கு. கரைஞ்சு போகமாட்டாய். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கு.

இறங்கிப் போறான்… ஏன், நீங்களே ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைஞ்சு போவியள்? அவன் சின்னப் பெடியன், வாய் தவறிச் சொல்லிப்போட்டான்… ஓம், முப்பத்திநாலு வயசுச் சின்னப் பெடியன்தான். சரி, விட்டன்.

ஓம் தம்பி… சிவப்போ? சிவப்பு நல்லதாம். அது புரொப்பேன். நீலம் எண்டால் இந்தக் குளிருக்குக் காஸ் மேலை கிளம்பாமல் உள்ளுக்கையே கிடக்குமாம். தூக்கிப் பார், பாரமாக் கிடக்கோ?… கிடக்கு. அப்ப காஸ் முடியேல்லை… என்ன, பல்லு அடிக்குதோ? உள்ளுக்கை ஏறு, ஏறு.

அடுத்தது, அடுப்பைப் பத்தவைச்சுப் பாக்கட்டாம். அடுப்பு எரிஞ்சால் குழாய்க்குள்ளை காஸ் ஒழுங்கா வருது எண்டு அர்த்தமாம்… ஏற்கெனவே எரியுதோ. நல்லதாப் போச்சு. நல்லா எரியுதோ?… ஓம். காஸிலை பிழையில்லை.

இஞ்சருங்கோ, அடுப்பு நல்லா எரியுதாம்… ஆ?… ஏன் எழும்புறியள்? என்னப்பா?

தம்பி, அத்தான் கேக்கிறார், அடுப்பு ஏன் எரியுது எண்டு… தேத்தண்ணி வைக்கவோ?… ஓ. குளிருக்கு… ரண்டு அடுப்பும்… எப்ப துவங்கி?… மத்தியானத்துக்கு முந்தியே.

சூட்டுக்காம். ரண்டு அடுப்பையும் மத்தியானத்துக்கு முந்தியே பத்தவைச்சு, அப்பிடியே விட்டிருக்கினமாம்… கேக்கிறன், பொறுங்கோ.

யன்னலெல்லாம் திறந்து கிடக்கோ பூட்டிக் கிடக்கோ?… பூட்டித்தான் கிடக்கு… கதவுக்குக் கீழை குளிர் காத்து வந்த இடத்துக்கும் ஒட்டுற ரேப்பைப் போட்டனியோ… கூரையிலை ஒரு காத்துத் துவாரம் இருக்கெல்லோ, அது?… துஷ்யாவின்ரை சீலையைச் சுருட்டி அடைச்சுப் போட்டாய்.

எல்லாத்தையும் அடைச்சிட்டானாம். கூரையையும்… என்னிலை கத்தாதேங்கோ. என்ன செய்யவேணும் எண்டு சொன்னால்தானே நான் அவனுக்குச் சொல்லலாம்.

தம்பி, அடுப்பை நூர். இப்ப… ஏன் எண்டு கேக்காதை, நூர்… நூத்திட்டியோ? ரண்டையும்?… நெருப்பு என்ன நிறத்திலை எரிஞ்சது? நீலமோ?… முதல் நீலம். இப்ப மஞ்சள்.

மஞ்சளாம்… காத்துப் போதாட்டித்தான் மஞ்சளோ?

பிரியந்தன், துஷ்யாவை எழுப்பு… நித்திரையைக் குழப்பக்கூடாதோ? எழுப்பு எண்டால் எழுப்பு… தலையிடிக்குது எண்டு சொன்னவளோ. எப்ப?… வாந்தியும் எடுத்தவள். அதைப் பிள்ளைத்தாச்சிச் சத்தி எண்டு நினைச்சிட்டாய். சரி, ஆரெண்டாலும் அப்பிடித்தான் நினைப்பினம்… உனக்கு? உனக்கும் தலை இடிக்குதோ?… டேய், பிள்ளைத்தாச்சி அவள்தானே. உனக்கு ஏன்ரா இடிக்குது?

ரண்டு பேருக்கும் தலையிடியாம்… அலாமோ? எந்த அலாம்?

தம்பி, கட்டிலுக்கு மேலை வெள்ளையா ஒரு அலாம் இருக்கெல்லோ. நச்சுக் காத்து நிறைஞ்சால் கத்துற அலாம். அது ஏன் இன்னும் கத்தேல்லை எண்டு கேக்கிறார்…

…

ஓம். ஓமடா… நான்தான் போட்டனான்.

அலாமிலை மாட்டின அந்தத் தொப்பி இன்னும் கழட்டேல்லையாம்… அப்பிடி என்னைப் பாக்காதேங்கோ. ஓம், நான்தான் போட்டனான். பால் காய்ச்சி, கரித்தணல் போட்டுச் சாம்பிராணி காட்டேக்கை அது கத்தத் துவங்கிச்சுது. பால் பொங்கிற நேரம் இப்பிடி ஒரு அவலச் சத்தமோ எண்டு, குளிக்கேக்கை தலைக்குப் போடுற பிளாஸ்ரிக் தொப்பியை எடுத்து இறுக்கி மாட்டினனான். நீங்கள் அப்பவே கழட்டச் சொன்னனீங்கள். ‘அத்தான், இது ஜேர்மனி இல்லை’ எண்டு அவன் எல்லாருக்கும் முன்னாலை சொன்னவன். எல்லாரும் சிரிச்சவை. நானும் சிரிச்சனான். நீங்கள் சாப்பிடாமல் எழும்பிப் போனீங்கள். எல்லாம் ஞாபகம் கிடக்கு. இப்ப நான் என்ன சொல்லவேணும், அதைச் சொல்லுங்கோ.

தம்பி, கதவைத் திற. அகலத் திற… குளிரட்டும். பிறகு அவளை வெளியிலை கொண்டு வா… தொப்பியைப் பிறகு பாப்பம், முதல் அவள்… எழும்புறாளில்லையோ?… பேரைச் சொல்லிக் கூப்பிடு. கன்னத்திலை தட்டு… முனகிறாள். முனகிறது நல்லது. தூக்கு… தூக்கேலாட்டி கம்பளியோடை சேத்து இழு. வயித்திலை அடிபடாமல், தோளிலை பிடிச்சு இழு. போனைப் பொக்கற்றுக்கை போடு. கட் பண்ணாதை, என்ன. கட் பண்ணாதை.

…

இழுக்கிறான் போலை கிடக்கு. ஏதோ விழுந்து சத்தம் கேக்குது… என்ரை மொபைல் மேசையிலை கிடக்கு, எடுங்கோ. ஆம்புலன்சுக்கு அடியுங்கோ… செவனோக்ஸ் ரவுண் தாண்டி ஏதோ ஒரு சின்ன றோட்டு எண்டு விடிய சொன்னவன்…

ஹலோ… தம்பி… பிரியந்தன்…

இல்லை, ஒண்டும் கேக்குதில்லை. காத்து மட்டும் கேக்குது… நீங்கள் அவையோடை கதையுங்கோ, என்னைப் பாக்காதேங்கோ.

பிரியந்தன், கேக்குதே?… அம்மாளாச்சி, அந்தப் பெட்டையைக் காப்பாத்து. வயித்திலை கிடக்கிற பிள்ளையைக் காப்பாத்து. நான் மாட்டின தொப்பி. நல்லாயிருக்கவேணும் எண்டு நினைச்சு என்ரை கையாலை மாட்டின தொப்பி.

…

ஓம். ஓம், தம்பி. இருக்கிறன், இஞ்சைதான் இருக்கிறன்… வெளியிலை வந்திட்டியளோ? ரண்டு பேருமோ?… என்ன செய்யிறாள்?… கண்ணை முழிச்சிட்டாள்… என்னவாம்?… குளிருதாம். குளிருது எண்டு சொல்லட்டும். உன்னை ஏசிப் பேசட்டும். எவ்வளவு வேணுமெண்டாலும் பேசட்டும்… தம்பி, பிள்ளை துடிக்குதோ எண்டு கேள்… கையை வைச்சுப் பாத்துச் சொல்லச் சொல்லு. அவசரமில்லை. நான் நிக்கிறன்.

…

துடிக்குதாம். இஞ்சருங்கோ, பிள்ளை துடிக்குதாம்.

அழாதை. நீ அழுதால் எனக்கும் ஒண்டும் ஓடாது. அத்தான் ஆம்புலன்சோடை கதைச்சுக்கொண்டு நிக்கிறார், நீங்கள் நிக்கிற இடம் கேக்கினமாம். பக்கத்திலை என்ன தெரியுது?… பெற்றோல் ஷெட்டைத் தாண்டி… பூக்கண்டு விக்கிற கடையின்ரை பேர்ப் பலகைக்கு முன்னாலை. பேர்? எழுத்தெழுத்தாச் சொல்லு… ஓம்… ஓம்…

இந்தாங்கோ, இதிலை எழுதியிருக்கிறன், இதைச் சொல்லுங்கோ…

தம்பி, வருகினமாம். பனியாலை கொஞ்சம் சுணங்குமாம், ஆனால் கட்டாயம் வருகினமாம். ஒருதரும் வானுக்குள்ளை போகவேண்டாமாம், என்ன… சரி, கதவடியிலை நிண்டு, வெளிக் காத்தை நல்லா இழுத்து மூச்சைப் பிடிச்சுக்கொண்டு கையை மட்டும் உள்ளுக்கை விடு. அலாம் எட்டுமோ?… எட்டும் எண்டால் அந்தத் தொப்பியைப் பிடுங்கு.

…

கேக்குது. கேக்குதடா, இஞ்சை மிச்சம் வீட்டிலை கேக்குது. அத்தானுக்கும் கேக்குது… விடு, கத்தட்டும். அண்டைக்கு வாயைப் பொத்தி வைச்சம், இண்டைக்குக் கத்தி முடிக்கட்டும்.

அத்தானோ?… இப்ப கதிரையிலை ஏறி, எங்கடை குசினிக்கை இருக்கிற அலாமிலை நான் கட்டி வைச்ச பையைக் கழட்டிறார். மிளகாய் பொரிக்கேக்கை கத்துது எண்டு கட்டினது… என்னை ஏசினால் பரவாயில்லை. ஏசாமல் கழட்டிறார், அதுதான் எனக்கு ஏலாமல் கிடக்கு.

ஓம்… நடுங்கிறாளோ? உன்ரை ஜக்கெற்றையும் கழட்டிப் போத்துவிடு… அவளும் இந்தக் குளிருக்குள்ளை எவ்வளவு நேரம் இருக்கிறது… பொறு, அத்தான் ஏதோ கேக்கிறார்.

தம்பி, பனி வழிக்கிற வண்டி உங்கை வந்ததோ?… விடிய வந்தது. அதுக்குப் பிறகோ ஹீற்றர் நிண்டது?… யோசிச்சுச் சொல்லு… வண்டி போய்க் கொஞ்ச நேரத்தாலை. ஓம், அதுக்குப் பிறகுதானாம்… வண்டி போன பக்கம், வானோடை ஒட்டிப் பனி குமிஞ்சு கிடக்கோ எண்டு பார்… இடுப்பளவு.

இடுப்பளவு பனியாம்… ஆ, அதுக்குள்ளையோ… சரி.

ஹீற்றருக்கு மூச்சு விடுற வாய் ஒண்டு வெளிப்பக்கமா இருக்குமாம். அது பனிக்குள்ளை புதைஞ்சு போயிருக்காம். வெளிக் காத்தை இழுக்கிறதும் அதாலைதான், புகையை விடுறதும் அதாலைதான். மூச்சு முட்டினபடியால்தான் பத்திப் பத்தி நூந்தது. நீ ஹீற்றரிலை பிழை எண்டு நினைச்சாய், அது தன்னைத்தானே காப்பாத்திக்கொண்டு நிண்டிருக்கு… எந்த இடத்திலையோ? பொறு… கதவிலை இருந்து பின்னுக்கு, நாலு முழம் இருக்குமோ எண்டு… இல்லை, இல்லை, மற்றப் பக்கமாம். றோட்டுப் பக்கம்… என்னது? அப்பிடி ஒரு மூடியும் இல்லையோ?… இஞ்சருங்கோ, ஒண்டும் தெரியேல்லையாம்… எவ்வளவு உயரத்திலை எண்டு கேக்கிறான்… முழங்காலுக்கோ, மேலையோ?… ரண்டு பேரும் ஒரேயடியாச் சொன்னால் நான் ஆருக்கு எண்டு…

என்ன?… என்ன கையை நீட்டிறியள்?… போனையோ?

தம்பி, கொஞ்சம் பொறு. அத்தான் போனைக் கேக்கிறார்… நீ ஒண்டும் சொல்லவேண்டாம். அவர் சொல்லுறதைக் கேள். இந்தாங்கோ.

…

ஹலோ. பிரியந்தன்… ஓம், நான்தான், அத்தான்… இல்லை… இல்லை, அதொண்டும் இப்ப வேண்டாம். அதை விடு. கையிலை என்ன வைச்சிருக்கிறாய்?… மண்வெட்டி இல்லாட்டிப் பரவாயில்லை. கரண்டி கிரண்டி ஏதும்?… தோசை பிரட்டுறதோ. நல்லது, அதாலை கிண்டு. பின் ரயரிலை இருந்து முன்னுக்கு ஒரு எட்டு வை. அதிலை, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலை… ஓம், கிண்டு. பெயின்ற் கீறுப்பட்டால் படட்டும்.

துஷ்யாவை எனக்குக் கேக்கிற மாதிரி ஏதும் சொல்லச் சொல்லு… ம். கேக்குது பிள்ளை. அப்பிடியே கதைச்சுக்கொண்டிருங்கோ.

ஓம் தம்பி… வட்டமா, வரி வரியா வெட்டின மூடி. அதுதான். வரியளுக்குள்ளை ஐஸ் இறுகியிருக்கும், விரலாலை தோண்டு… மெதுவா, உடைச்சுப் போடாதை… சுத்தவர இருக்கிற பனியையும் வழிச்சு விடு. ஒரு கை தூரத்துக்கு ஒண்டும் இருக்கக்கூடாது.

இப்ப அலாம் என்ன செய்யுது?… இன்னும் கத்துதெண்டால் உள்ளுக்கை போகாதை. அது ஓயுமட்டும் நிண்டு கொள்ளு. வெளியிலை நிண்டு யன்னலுகளைத் திறக்க ஏலுமோ?… ஏலுமெண்டால் திற… நிக்கிறன். நான் எங்கையும் போகேல்லை.

…

ஓஞ்சிட்டுதோ. கொஞ்சம் பொறு. திருப்பிக் கத்துதோ பாப்பம்…

இல்லை. சரி. இப்ப நீ மட்டும் ஏறு. கதவு திறந்தபடி கிடக்கட்டும். முதல் கூரையிலை அடைச்ச சீலையை இழுத்தெடு… எடுத்திட்டியோ. ஹீற்றர் சுவிச்சை நூர். கொஞ்சம் விட்டுத் திருப்பிப் போடு… போனை அதுக்குக் கிட்டப் பிடி. எனக்குக் கேக்கவேணும்.

ஷ்… மலர், உம்மடை தம்பியின்ரை ஹீற்றர்ச் சத்தம் கேக்கவேணும், கதைக்காதையும்.

காத்தாடி… ஓம்… டிக்… டிக்… ஓம், பத்திட்டுது. பொறு, பொறு, சந்தோசப்படாதை. இந்த இடத்திலைதானே நூருறது… பொறு…

…

நூரேல்லை.

இல்லைத் தம்பி, இனி நூராது. மூச்சு வந்திட்டுது… இப்ப துஷ்யாவைக் கொண்டு வந்து வாசல் படியிலை இருத்து. கதவைச் சாத்தக்கூடாது. முகத்துக்கு வெளிக் காத்து, முதுகுக்குச் சூடு. அலாம் மறுபடி ஒருக்காக் கீச்செண்டாலும் ரண்டு பேரும் இறங்கிடவேணும்… அந்தத் தொப்பி எங்கை? உன்ரை கையிலையோ? எறி, பனிக்குள்ளை எறி.

கட் பண்ணாதை. ஆம்புலன்ஸ் வருமட்டும் ரண்டு பேரும் நித்திரை கொள்ளக்கூடாது. கதைச்சுக்கொண்டிரு… என்னத்தையெண்டாலும் கதை… என்ன கதைக்கிறதோ? கார்த்திகையிலை இருந்து கதைக்காததைக் கதை… ம்… பொங்கலுக்கு நான் வருவன் எண்டு பாத்துக்கொண்டிருந்தியளோ… தெரியாது. எனக்கு ஒருதரும் சொல்லேல்லை… ஓம், இவ சொன்னவ. நான்தான் காதிலை விழுத்தேல்லை… வெளிக்கிட்டனான் தம்பி. சப்பாத்தும் போட்டனான். பிறகு கழட்டிப்போட்டு இருந்திட்டன்.

ம்… ம்… துஷ்யா சிரிக்கிறாளோ. சிரிக்கட்டும்… நீ அண்டைக்குச் சொன்னதோ? அதுதான் விடு எண்டிட்டனே… சரி, சொல்லித்தான் தீருவன் எண்டால் சொல்லு… ம்.

ம். கேட்டிட்டன்.

என்ன?… லைற் தெரியுதோ? நீலமோ?… கையைக் காட்டு. றோட்டு நடுவிலை போகாமல் கரையிலை நிண்டு காட்டு… நிப்பாட்டிட்டினமோ. இறங்கி வருகினமோ… போ தம்பி, போய் எல்லாத்தையும் சொல்லு, மறைக்காமல் அடுப்பையும் சொல்லு. அவளோடையே நீயும் ஏறு… ஓம்… ஓம்… வை.

இல்லை, நான் வைக்கமாட்டன். நீ வை.